ஊமையான ஒரு விசை



74 விசைகளுள் 73 ஒழுங்காக வேலை செய்கின்றன. ஒன்று மட்டும் எத்துணை அழுத்தினும் பேச மறுக்கின்றது. பழைய கணிப்பொறி ஒன்றை வைத்திருப்பவர் இந்நிலையில் என்ன செய்வது? கடைத்தெருவில் விசாரித்தால், "இதற்கெல்லாம் இப்போது உதிரிப்பாகம் ஏது? எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அந்த விடையை ஏற்றுக்கொள்ளாத ஒரு முதியவரைப் பற்றியும், அவருடைய விசைப்பலகையில் ஊமையாகிப்போன 'ஏ' என்னும் ஆங்கில எழுத்தைப் பற்றியும் இம்மாதம் எழுதுகின்றேன். மின்னணுவியல் அறியாதவர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. தையல் இயந்திரத்தைப் பிரித்துத் தூசு தட்டிப் பழகிய எவருக்கும் இது எளிதில் விளங்கும்.

முதலில் அந்த இயந்திரத்தை அறிமுகம் செய்துவிடுகின்றேன். அதன் பெயர் பி.பி.சி. மைக்ரோ. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஏக்கார்ன் என்னும் நிறுவனம் அதை 1981 டிசம்பரில் வெளியிட்டது. பொதுமக்களுக்குக் கணிப்பொறியைக் கற்பிப்பதற்கென 1982 சனவரியில் பி.பி.சி. தொலைக்காட்சி ஒரு நிகழ்ச்சித் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. அத்தொடருக்குத் துணையாகவே இந்த இயந்திரம் உருவாயிற்று. ஸ்டீவ் ஃபர்பர், சோஃபி வில்சன் ஆகிய இருவரும் அதன் வடிவமைப்பில் முதன்மையான பங்கு கொண்டவர்கள். 'மாடல் பி' என்னும் வகையின் நினைவகம் 32 கிலோபைட்டு மட்டுமே. இன்று சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியில் ஒரேயொரு நிழற்படத்தைச் சேமிக்கவும் அது போதாது. ஆயினும் இங்கிலாந்தின் பெரும்பாலான பள்ளிகளில் ஒரு தலைமுறை மாணவர் கணிப்பொறியின் அரிச்சுவடியைக் கற்றது இதன்முன் அமர்ந்துதான்.

நம் நாட்டுக்கும் இது அந்நியமன்று. 1984-இல் இந்திய அரசு 'க்ளாஸ்' என்னும் பெயரில் பள்ளிகளுக்கான கணிப்பொறிக் கல்வித் திட்டமொன்றைத் தொடங்கியபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளுக்கு வந்து இறங்கியவை இந்த பி.பி.சி. மைக்ரோக்களே. பள்ளிக் கிடங்குகளின் மூலைகளில் உடைந்த உலகவரைபடங்களுக்கும் கால் ஒடிந்த பெஞ்சுகளுக்கும் நடுவே அவற்றுள் சில இன்றும் கிடக்கக்கூடும். பழுப்பு வெண்மை நிறப் பெட்டி, கறுப்பு விசைகள், மேல்வரிசையில் 10 சிவப்பு விசைகள் ஆகியவற்றைக் கண்டால் அடையாளம் தெரிந்துகொள்ளலாம்.

நான் குறிப்பிட்ட முதியவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். கழித்துக்கட்டிய பொருள்களை அவருடைய பள்ளி ஏலம் விட்டபோது இதை எடுத்துவந்து, தம் வீட்டு முன்னறையில் ஒரு மேசைமேல் வைத்தார். பின்னங்களில் தடுமாறும் பிள்ளைகளுக்கென 1986 முதல் அவரே எழுதிய பயிற்சிகள் ஒலிநாடாக்களில் இருக்கின்றன. மாலையில் தெருப்பிள்ளைகள் நாலைந்து பேர் வருவார்கள். திரையில் ஒரு பின்னம் தோன்றும். விடை சரியானால் ஒரு சிறு இசை ஒலிக்கும், தவறானால் அப்பத்தைத் துண்டுபோட்ட படம் வந்து விளக்கும். வண்ண வண்ணச் செயலிகள் நிறைந்த கைப்பேசியை வீட்டில் வைத்துக்கொண்டும் அந்தப் பிள்ளைகள் இங்கு வருவது ஏன் என்று நான் வியந்ததுண்டு. ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார் என்பது ஒரு காரணம். அந்த இயந்திரம் வேறெதையும் காட்டி அவர்களை இழுத்துக்கொண்டு போவதில்லை என்பது மற்றொன்று.

அத்தகைய இயந்திரத்தில் 'ஏ' ஊமையாயிற்று. ஓர் எழுத்துத்தானே என்று எண்ணலாகாது. இதன் 'பேசிக்' மொழியில் நாடாவிலிருந்து பாடத்தை ஏற்றுவதற்கான 'லோட்' என்னும் கட்டளையில் 'ஏ' உண்டு. ஏற்றியவுடன் ஓடச் செய்யும் 'செய்ன்' கட்டளையிலும் உண்டு. அவ்விரண்டையும் புள்ளியிட்டுச் சுருக்கி, 'ஏ' இல்லாமலேயே தட்டிவிடலாம். ஆனால், திருத்திய பாடத்தைச் சேமிக்கும் 'சேவ்' கட்டளையில் 'ஏ' இரண்டாம் எழுத்தாக நிற்பதால், சுருக்கினாலும் அது தப்பாது. புதுக் கணக்குகளை அடுக்கும் 'டேட்டா' என்னும் சொல்லிலோ இரண்டு 'ஏ' உள்ளன! பழைய பாடத்தைப் படிக்கலாம். புதியது ஒன்றை எழுதி வைக்க முடியாது என்ற நிலைமை.

பங்கு அலுவலகத்தின் பழைய தட்டச்சுப் பொறியில் ஓர் எழுத்து முறிந்திருந்தால், அதற்குரிய இடத்தை வெற்றாக விட்டுவிட்டுப் பின்னர் பேனாவால் நிரப்புவது வழக்கம். ஆசிரியர் கண்ட வழி அதைவிட நுட்பமானது. இந்த இயந்திரத்தில் 'காப்பி' என்று ஒரு விசை உண்டு. அம்புக்குறி விசைகளால் திரையின் எந்த இடத்துக்கும் சென்று, அங்கு நிற்கும் எழுத்தின்மேல் 'காப்பி'யை அழுத்தினால், அவ்வெழுத்து நாம் தட்டிக்கொண்டிருக்கும் வரியில் வந்து சேரும். இயந்திரத்தை முடுக்கியவுடன் திரையின் தலைப்பில் 'பேசிக்' என்ற சொல் தானாகவே தோன்றுகிறதல்லவா? அச்சொல்லிலுள்ள 'ஏ'யைத்தான் அவர் ஒவ்வொரு முறையும் கடன் வாங்கிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ ஓராண்டு இப்படியே ஓட்டியிருக்கின்றார். கை நடுக்கம் மிகுந்த பிறகு அம்புக்குறிகளோடு போராடுவது அவருக்கு இயலவில்லை. "புதுக்கணக்கு எழுதி மூன்று மாதமாயிற்று, சாமி" என்று அவர் சொன்ன நாளில்தான் செய்தி எனக்கு எட்டியது.

எங்கள் ஊரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்தே முடி நரைத்த ஒருவர் இருக்கின்றார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பார்கள். அவரை அழைத்துக்கொண்டு ஆசிரியர் வீட்டுக்குச் சென்றேன். அண்ணாச்சி உட்கார்ந்ததும் திருப்புளியைத் தேடவில்லை. "திறக்கிறதுக்கு முன்னால் கேட்கிறதைக் கேட்டுவிடுவோம், சார்" என்றார். நோயாளியின் வயிற்றைக் கீறுமுன் நாடி பார்க்கும் மருத்துவரைப் போன்றவர் அவர்.

யாரிடம் கேட்பது? இயந்திரத்திடமேதான். அதற்கு இவ்விசைப்பலகை வேலை செய்யும் விதத்தைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு விசையின் அடியிலும் ஒரு தனிச் சுவிட்சு உள்ளது. இவற்றின் இணைப்புக் கம்பிகள், கணக்கு நோட்டில் கட்டம் போட்டாற்போல், 8 நிரைகளாகவும் 10 நிரல்களாகவும் ஓடுகின்றன. ஒரு நிரையும் ஒரு நிரலும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சுவிட்சு நிற்கின்றது. விசையை அழுத்தினால் அந்த நிரையும் அந்த நிரலும் தொட்டுக்கொள்ளும். பலகையிலுள்ள ஓர் எண்ணிச் சில்லு, நொடிக்குப் பத்து இலட்சம் துடிப்பு என்னும் வேகத்தில், நிரல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிக்கொண்டே சுற்றுகின்றது, இரவுக் காவலர் கதவு கதவாகத் தட்டிப் பார்ப்பதைப் போல. எங்கேனும் ஒரு கதவு திறந்திருந்தால் உடனே கணிப்பொறியின் மையச் செயலிக்கு அழைப்பு மணி அடிக்கும். செயலி தன் வேலையை ஒரு கணம் நிறுத்திவிட்டு, திறந்தது எந்தக் கதவு என்று தேடிக் கண்டுபிடிக்கும். 'பிரேக்' என்னும் விசை மட்டும் இக்கட்டங்களுக்குள் அடங்காமல், இயந்திரத்தை மறுதொடக்கம் செய்யும் கம்பியோடு நேரே பிணைந்திருக்கின்றது. இரண்டு 'ஷிஃப்ட்' விசைகளும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்று கெட்டாலும் மற்றது கைகொடுக்கும். 'ஏ'க்கு அப்படிப்பட்ட இரட்டைப் பிறவி இல்லை.

'ஏ' நிற்கும் இடம் 4-ஆம் நிரையும் 1-ஆம் நிரலும் சந்திக்கும் மூலை. எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்குகிறது என்பதை நினைவிற்கொள்க. 4-ஐ 16-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டினால் 65. அதனோடு மேலும் ஒன்றைக் கூட்டி, முன்னே கழித்தற்குறி இட்டால் -66. 'இன்கீ' என்னும் சொல்லோடு இந்த எண்ணைக் கொடுத்து வினவினால், 'ஏ' அழுந்தியிருக்கும்போது -1 என்றும், இல்லாதபோது 0 என்றும் இயந்திரம் விடை பகரும். எழுத்துகளுக்குரிய பொதுக் குறியீட்டிலும் 'ஏ'யின் எண் 65 ஆக இருப்பது தற்செயலே. மற்ற எழுத்துகளுக்கு இப்படிப் பொருந்துவதில்லை. எடுத்துக்காட்டாக, 'எஸ்' நிற்பது 5-ஆம் நிரை 1-ஆம் நிரலில். அதைக் கேட்க -82 என்று இட வேண்டும்.

ஆசிரியர் இரண்டே வரிகள் தட்டினார். 10-ஆம் வரி 'பிரின்ட் இன்கீ -66'. 20-ஆம் வரி 'கோட்டு 10'. பிறகு 'ரன்'. ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், இம்மூன்று கட்டளைகளில் ஒன்றிலேனும் 'ஏ' இல்லை! நோயாளியின் உதவியின்றியே நோயைச் சோதிக்கும் கருவி கிடைத்துவிட்டது.

திரையில் சுழிகள் அருவி போல் ஓடத் தொடங்கின. ஆசிரியர் 'ஏ'யை அழுத்தினார். சுழிகளே ஓடின. இன்னும் ஓங்கி அழுத்தினார். நடுவே ஓரிரு -1 மின்னி மறைந்தது. "சாகவில்லை, தொண்டைதான் கட்டியிருக்கிறது" என்றார் அண்ணாச்சி. உண்மையில் இக்குறிப்பு மிகப் பயனுள்ளது. அழுத்தியும் ஒருபோதும் -1 வராவிடில் தொடர்பு எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். அழுத்தாமலே -1 ஓடினால் சுவிட்சு ஒட்டிக்கொண்டிருக்கின்றது. விட்டுவிட்டு வந்தால் தொடுமுனைகளில் அழுக்கோ தேய்மானமோ உள்ளது.

அத்துடன் நிறுத்தாமல் 'ஏ'யின் அண்டை வீட்டாரையும் அண்ணாச்சி விசாரித்தார். அதே நிரலில் நிற்பவை 'டபிள்யூ', 'எஸ்', 'இசட்', 2, 3 முதலியன. அதே நிரையில் நிற்பவை 'எக்ஸ்', 'எஃப்', 'ஒய்', 'ஜே', 'கே', 'ரிட்டர்ன்' முதலியன. எல்லாம் நன்றாகப் பேசின. ஒரு நிரையோ நிரலோ முழுவதும் மௌனமாகியிருந்தால் குற்றம் பலகையின் செம்புத் தடத்திலோ சில்லுகளிலோ இருந்திருக்கும். பலகை முழுவதுமே செத்திருந்தால், அதைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் 17 கம்பிகள் கொண்ட ரிப்பன் கேபிளை முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒன்றே ஒன்று கெட்டிருந்தபடியால் குற்றவாளி அந்தச் சுவிட்சும் அதன் இரண்டு ஈயப் பற்றுகளுமே என்பது ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் உறுதியாயிற்று. இப்பகுதியை நான் இத்துணை விரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. பழைய இயந்திரங்கள் பலவற்றைக் கொன்றது பழுதன்று. விசாரணையின்றித் தொடங்கிய பழுதுபார்ப்பே அவற்றைக் கொன்றது.

சுவிட்சின் தொண்டை கட்டுவது எதனால்? உள்ளே மெல்லிய உலோக நாக்குகள் இரண்டு உள்ளன. விசையை அழுத்தும்போது அவை ஒன்றையொன்று தொடுகின்றன. காலப்போக்கில் அவற்றின்மேல் தூசும், ஈரக்காற்றினால் விளையும் களிம்பும் மென்படலமாகப் படிகின்றன. வீட்டு விளக்கின் சுவிட்சிலும் இப்படலம் படியத்தான் செய்யும். ஆனால், அங்கே பாய்வது 230 வோல்ட்டு. சிறு பொறி பறந்து படலத்தை எரித்துவிடுகிறது. விசைப்பலகையில் இருப்பதோ 5 வோல்ட்டும் மிகச் சொற்ப மின்னோட்டமும். கண்ணுக்குத் தெரியாத படலமும் அதற்கு மதிற்சுவரே. மிகுதியாகப் பயன்படும் எழுத்துகளில் இதனோடு தேய்மானமும் சேர்ந்துகொள்ளும்.

சிகிச்சையின் முதற்படி செலவற்றது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, விசையை ஐம்பது அறுபது முறை முழு ஆழத்துக்கு அழுத்தி விடுவது. நாக்குகள் உரசிக்கொள்வதால் படலம் சில வேளைகளில் தானே கிழிந்துவிடும். அதனால் பயன் விளையாததால், அண்ணாச்சி விசையின் தொப்பியைக் கழற்றினார். திருப்புளியால் நெம்பினால் தொப்பியின் ஓரம் சிதையும், அடியிலுள்ள தண்டு முறியவும் கூடும். அவரோ மெல்லிய கம்பியை இரு கொக்கிகளாக வளைத்து, தொப்பியின் இருபுறமும் மாட்டி, நேர்மேலாக இழுத்தார். நீண்ட இடைவெளி விசையை மட்டும் தேவையின்றிக் கழற்ற வேண்டாம். அது சாய்ந்துவிடாதபடி தாங்கும் கம்பியை மீண்டும் மாட்டுவதற்குள் பொறுமை போய்விடும்.

தண்டின் பக்கவாட்டு இடுக்கில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, மறுபடியும் அழுத்தி அழுத்தி எடுத்தார். மின்னணுக் கடைகளில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனரும் ஆகும். அது பிளாஸ்டிக்கைத் தாக்காத வகைதானா என்று புட்டியைப் பார்த்து வாங்க வேண்டும். தையல் இயந்திர எண்ணெய், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவை கூடவே கூடா. முதல் நாள் விசை வழுக்கிக்கொண்டு போகும். மறுமாதம் அந்த எண்ணெயில் தூசு ஒட்டிச் சேறாகிவிடும். காப்பியோ பானகமோ சிந்திக் கெட்ட விசை என்றால் ஆல்கஹால் மட்டும் பயன் தராது, ஏனெனில் சர்க்கரை அதில் கரைவதில்லை. முதலில் வாலைவடி நீர் இட்டுக் கரைத்து ஒற்றியெடுத்து, அதன் பின்னரே ஆல்கஹால் இட வேண்டும்.

நன்றாக உலரவிட்டுச் சோதித்தபோது -1 வரிசையாக ஓடிற்று. ஆசிரியர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை எழுத எனக்கு ஆற்றல் போதாது. ஆனால், மூன்றாம் நாள் காலையில் 'ஏ' மீண்டும் ஊமை.

கதையின் இந்த இடத்தில் ஆசிரியரின் பேரன் குறுக்கிட்டான். பட்டணத்தில் பொறியியல் படிப்பவன். "தாத்தா, இந்த இயந்திரத்தைப் போலவே நடிக்கும் மென்பொருள் இருக்கிறது. நாடாவின் ஒலியைப் பதிவுசெய்து அதில் ஊட்டினால் உங்கள் பாடமெல்லாம் என் மடிக்கணினியில் ஓடும்" என்றான். அவன் சொன்னது முற்றும் உண்மை. பாதி ஒப்புக்கொள்ளத்தக்க அறிவுரையுங்கூட. விசை கெட்டால் சீர்செய்யலாம். ஒலிநாடா பூசணம் பிடித்து உதிர்ந்தால் அதிலிருந்த பாடம் திரும்பாது. ஆகவே அண்ணாச்சி அடுத்த வேலையைத் தொடங்குமுன், பேரன் இரண்டு நாள் அமர்ந்து எல்லா நாடாக்களையும் பதிவு செய்து முடித்தான். இவ்வகைப் பழைய நாடாக்கள் வைத்திருக்கும் குடும்பங்கள், வேறு எந்த வேலைக்கும் முன்னே இதைச் செய்வது நன்று. ஆனால், இயந்திரத்தை விட்டுவிட ஆசிரியர் இசையவில்லை. "திறந்து காட்டினால், இந்த விசையிலிருந்து இந்தக் கம்பி வழியாக இந்தச் சில்லுக்குப் போகிறது என்று பிள்ளைகளுக்கு விரல் வைத்துக் காட்டலாம். உன் மடிக்கணினியில் எதைக் காட்டுவது?" என்றார். பேரனிடம் விடையில்லை, என்னிடமும் இல்லை.

அடுத்து வந்தது அறுவை சிகிச்சை. கிடங்கிலிருந்து இயந்திரத்தை வெளியே எடுக்கக்கூடிய வாசகர்களுக்கு இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. ஆண்டுக்கணக்கில் உறங்கிய பி.பி.சி. மைக்ரோவை எடுத்த எடுப்பில் மின்சாரத்தில் செருகாதீர்கள். 240 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்டதால் நம் ஊர் மின்சாரம் அதற்கு ஒத்துவரும்; ஆனால், அதன் மின்வழங்கிப் பெட்டியிலுள்ள வடிகட்டி மின்தேக்கிகள் வயதாகி மேலுறை வெடித்து, ஈரத்தை உறிஞ்சியிருக்கும். மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் பெரும்புகையும் மூச்சை அடைக்கும் நாற்றமும் கிளம்பும். விவரமறிந்த ஒருவரைக் கொண்டு அவற்றை முன்னதாகவே மாற்றிவிட வேண்டும். அப்பெட்டியைத் தாமே திறந்து பார்ப்பது வேண்டவே வேண்டாம். விசைப்பலகையில் கை வைப்பது வேறு. மின்வழங்கியில் கை வைப்பது வேறு.

இயந்திரத்தின் மேல்மூடியைப் பிடித்திருக்கும் திருகாணிகள் நான்கு. பின்புறம் இரண்டும் அடிப்புறம் இரண்டுமாக இருக்கும். குழப்பமின்றி அவற்றின் அருகில் 'ஃபிக்ஸ்' என்றே அச்சிட்டிருக்கின்றார்கள். பழுதுபார்ப்பவனையும் ஒரு மனிதனாக மதித்துச் செய்த இயந்திரம் என்று அண்ணாச்சி மெச்சினார். மூடியை எடுத்து, பலகையை விடுவித்து, ரிப்பன் கேபிளை இரு முனையிலும் சமமாகப் பிடித்து மெல்ல உருவினார். மல்டிமீட்டரை 'ஏ' சுவிட்சின் இரு பற்றுகளிலும் வைத்து அழுத்திப் பார்த்தார். மற்ற விசைகளில் ஓரிரு ஓமில் நின்ற அளவு, இங்கே பலநூறு ஓம் வரை ஏறுவதும் இறங்குவதுமாக ஆடிற்று. ஆண்டுக்கணக்கில் விரல்களின் குத்துகளை வாங்கியதால் ஈயப் பற்றில் மயிரிழை போன்ற வட்ட விரிசல் விழுந்திருக்கலாம் என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, இரு பற்றுகளையும் புது ஈயம் இட்டு உருக்கினார். இப்படிப்பட்ட பழுதுகள் பல அத்துடனே தீர்ந்துவிடுமாம். இது தீரவில்லை. சுவிட்சை மாற்றியே ஆகவேண்டும்.

மாற்றுச் சுவிட்சு எங்கே கிடைக்கும்? இவ்வியந்திரத்தின் விசைப்பலகைகளை வெவ்வேறு உற்பத்தியாளர்கள் செய்து கொடுத்தார்கள். சுவிட்சுகளின் உள்ளமைப்பும் அதற்கேற்ப வேறுபடும். செத்துப்போன வேறொரு விசைப்பலகையிலிருந்து எடுப்பதே இன்று பலர் கையாளும் வழி. ஒரு விசைக்காக நல்ல இயந்திரம் ஒன்றை உடைப்பவர்களும் இருக்கின்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அண்ணாச்சியோ வெளியே தேடவே இல்லை. "இதே பலகையில் நீங்கள் தொடாத விசை எது, சார்? அதை எடுத்து இங்கே வைத்து, இதை அங்கே வைப்போம்" என்றார்.

ஆசிரியர் சிந்தனையில் ஆழ்ந்தார். வலக்கோடியில் பின்சாய்கோடு இட்ட ஒரு விசை உண்டு. 'பேசிக்'கில் அதற்கு வேலையே கிடையாது என்று அண்ணாச்சி அதைச் சுட்டிக் காட்டினார். "ஐயோ அண்ணாச்சி, அது என் அரை!" என்று ஆசிரியர் பதறினார். அவருடைய பாடங்கள் யாவும் '7-ஆம் மோட்' என்னும் திரைமுறையில் எழுதப்பட்டவை. அம்முறையில் பின்சாய்கோட்டை அழுத்தினால் திரையில் 'அரை' என்னும் பின்னம் ஒரே எழுத்தாகத் தோன்றுகிறது. சரி, அடுக்குக்குறி விசை? "ஷிஃப்டோடு சேர்த்தால் அதுதான் வகுத்தல் குறி!" அடைப்புக்குறிகள் இரண்டும்? அவற்றை ஷிஃப்டோடு அழுத்தினால் ஒன்று கால், மற்றொன்று முக்கால். பின்னம் கற்பிப்பவருக்கு வேண்டாத விசை ஒன்று அந்தப் பலகையில் எளிதில் அகப்படவில்லை. இறுதியில் சிவப்பு வரிசையின் கடைசியில் நிற்கும் 9-ஆம் எண் விசையை ஆசிரியர் அரைமனத்தோடு விட்டுக்கொடுத்தார்.

ஈயத்தை உருக்கி எடுப்பதில்தான் பெரும்பாலான பலகைகள் பாழாகின்றன. சால்டரிங் அயர்னின் சூடு 350 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். நாட்பட்ட ஈயம் எளிதில் இளகாது என்பதால், அதன்மேல் சிறிது புது ஈயம் சேர்த்து உருக்கிவிட்டு, உடனே டீசால்டரிங் பம்ப்பால் உறிஞ்ச வேண்டும். ஓர் இடத்தில் இரண்டு மூன்று நொடிக்குமேல் சூடு நிற்கலாகாது. முதல் முறையில் முழுவதும் வராவிடில், ஆறவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டும். பொறுமையிழந்து சுவிட்சை இழுத்தால் பலகையின் செம்புத் தடம் காகிதம் போல் உரிந்து வந்துவிடும். முள் நான்கும் துளைகளில் தளர்ந்து ஆடுகின்றன என்று உறுதியான பின்னரே அண்ணாச்சி இரு சுவிட்சுகளையும் மேற்புறமாக எடுத்தார். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. ஆசிரியர் வீட்டம்மா கொண்டுவந்து வைத்த காப்பி ஆறி ஆடை படிந்து கிடந்தது.

கழற்றிய 'ஏ' சுவிட்சை ஒரு வெள்ளைத் துணிமேல் வைத்து, உள்ளேயிருக்கும் சுருள்வில் தெறித்து ஓடாதபடி கையால் மறைத்துக்கொண்டு திறந்தார். உலோக நாக்கின் முனையில் பளபளப்பான பூச்சு தேய்ந்து, சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. பேரன் உப்புத்தாளைக் கொண்டுவந்து நீட்டினான். அண்ணாச்சி அதை ஒதுக்கிவிட்டார். மிஞ்சியிருக்கும் மெல்லிய பூச்சும் உப்புத்தாளால் போய்விடும். அழைப்பிதழ் அட்டையிலிருந்து ஒரு கீற்றைக் கத்தரித்து, ஆல்கஹாலில் நனைத்து, நாக்குகளின் நடுவே நாலைந்து முறை இழுத்தார். அட்டையில் கருங்கோடு விழுந்தது. மூடி, 9-ஆம் விசையின் இடத்தில் பொருத்தினார். நல்ல சுவிட்சு 'ஏ'யின் இடத்துக்குச் சென்றது.

எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு அந்த இரண்டு வரிச் சோதனையை ஆசிரியர் மறுபடியும் ஓடவிட்டார். ஓர் இடைவெளியுமின்றி -1, -1 என்று திரை நிரம்பியது. 9-ஆம் விசை சற்று அழுத்தினால் பேசுகிறது. அவருக்கு அது போதும். இது நடந்து எட்டு மாதங்களாகின்றன. பலகையின் அடிப்புறத்தில் நாளையும் இடம் மாறிய இரு விசைகளையும் அண்ணாச்சி பென்சிலால் குறித்து வைத்திருக்கின்றார், அடுத்த முறை திறப்பவர் வேறு யாராகவேனும் இருக்கலாம் என்பதற்காக. சென்ற வாரம் நான் போனபோது ஆசிரியர் கலப்புப் பின்னங்களுக்கு ஒரு புதுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தார். 'டேட்டா' வரிகள் மட்டும் நாற்பதைத் தாண்டியிருந்தன.